ஒரு சொட்டுத் தண்ணீரும் எங்கள் வீட்டு அம்பாஸடரும்

பழைய காரைப் பற்றிப் பெண்கள் பத்திரிகையில் என்ன பேச்சு என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். காரை ஓட்டுகிறவர், துடைக்கிறவர், நாலு பேரிடம் பெருமை பேசுகிறவர் ஆண்பிள்ளையாக இருக்கலாம். அதற்கான பணம் கடைசியில் எந்த டப்பாவிலிருந்து போகிறது? அரிசி, பால், பள்ளிக்கூட பீஸ் எழுதுகிற அதே நோட்டில்தான் 'வாட்டர் பம்ப்', 'பிரேக் ஷூ' என்று நானும் எழுதினேன். 2022 பிப்ரவரியில் ஆரம்பித்த எழுத்து ஜூலையில்தான் நின்றது.

முதலில் பேசியது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், இரண்டு நாள் வேலை. முடிந்த கணக்கு 63,350 ரூபாய், ஐந்து மாதம். இதில் வேடிக்கை என்னவென்றால், நடுவில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு செலவுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் எப்படி அறுபதாயிரம் ரூபாயாகிறது என்று கிட்டே இருந்து பார்த்தவள் நான். உங்கள் வீட்டிலும் மாமனார் காலத்து அம்பாஸடரோ, அப்பா வைத்திருந்த பியட்டோ நின்றுகொண்டிருந்தால் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் வண்டி 1987-ம் வருஷத்து அம்பாஸடர், மார்க் 4. மாமனார் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தபோது கடன் போட்டு, பதிந்து வைத்துக் காத்திருந்து வாங்கியது. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரை அச்சாக வைத்து 1957-லிருந்து வந்துகொண்டிருந்த உருவம். அங்கங்கே மூக்கையும் விளக்கையும் மாற்றினார்களே தவிர, உடம்பு அதேதான். 2014 மே மாதத்தோடு அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுவிட்டது. பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பியட் பத்மினி அதற்கும் முன்பே நின்று, கடைசி டாக்ஸியும் 2023 அக்டோபரில் ரோட்டை விட்டு இறங்கியது. ஆக, இந்த வண்டிகளுக்குப் புதுசாகப் பிறந்த வீடு கிடையாது. இருக்கிற உறவை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

போர்டிகோவில் தினமும் காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு போகும்போது, வண்டியின் மூக்குக்குக் கீழே உள்ளங்கையளவு ஈரம். துடைத்தால் மறுநாளும் ஈரம். என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "வாட்டர் பம்ப் போல இருக்கு. பாயைக் கூப்பிட்டா ரெண்டு நாள்ல முடிச்சிடுவாரு" என்றார். பாய் என்பவர் பாலக்கரைப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் பெரியவர். மாமனார் காலத்திலிருந்து எங்கள் வண்டிக்கு அவர்தான் குடும்ப டாக்டர். வந்து பார்த்தார். பம்ப்பின் வயிற்றுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை உண்டாம். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகச் சொட்டும். 'நான் போகப் போகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பாத்திரம் எதிலாவது இப்படி ஒரு நேர்மை உண்டா?

பம்ப்பைக் கழற்ற முன்னால் நிற்கும் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். ரேடியேட்டரைக் கழற்ற ரப்பர் ஹோஸை உருவ வேண்டும். உருவினால் அந்த ஹோஸ் வெயிலில் கிடந்த அப்பளம் மாதிரி பொடிந்தது. அது போகட்டும், சில நூறு ரூபாய். பம்ப்பைப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் மூன்று வந்துவிட்டன. நாலாவது, பாதி திரும்பி, 'டப்' என்று தலை முறிந்து, உடம்பு இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்ன பாய், மெதுவாத் திருப்பக் கூடாதா?" என்றேன்.

"மெதுவாத்தாம்மா திருப்பினேன். ரெண்டு நாளா எண்ணெய் விட்டு ஊற வச்சேன். முப்பத்தஞ்சு வருஷமா அது கழண்டதே இல்ல. உள்ள துரு ஏறி அப்படியே ஒட்டிப்போச்சு."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இரும்பு துருப்பிடித்தால் தேய்ந்து மெலிகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் கதவோரத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்புகிறது; ஜன்னல் கம்பி பொருத்திய சிமென்ட் வெடிக்கிறது. போல்ட்டும் அப்படியே தன் ஓட்டைக்குள் உப்பிக்கொண்டு, திருப்பினால் திரும்புவதற்குப் பதில் முறிகிறது. முறிந்ததை எடுக்க நடுவில் துளை போட்டு, எதிர்ப்பக்கம் திருகும் கருவியை இறக்கி, சூடு காட்டி, லேத் பட்டறைக்காரரை ஷெட்டுக்கே வரவழைத்து... கால் விரல் நீளமுள்ள ஒரு போல்ட்டுக்கு இரண்டரை நாளும் 600 ரூபாயும் போயிற்று.

இதற்குள் ரேடியேட்டர் தரையில் கிடந்ததல்லவா? தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே குழாய்களில் பாதி அடைப்பு. எங்கள் தெருவில் போர் தண்ணீர். வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்பு. காலமெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் காருக்கும் ஊற்றியிருக்கிறார்கள். "இறக்கினதே இறக்கினோம், இதையும் கொதிக்க வச்சுச் சுத்தம் பண்ணி ஈயம் வச்சுடலாம்" என்றார் பாய்.

'இறக்கினதே இறக்கினோம்.' இந்த வார்த்தையை எங்கே கேட்டாலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பொய்யில்லை, நியாயமான வார்த்தைதான். ரேடியேட்டரை இன்னொரு தரம் இறக்கினால் இன்னொரு தரம் கூலி. ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் வேலை வளர்கிறது. பரணிலிருந்து ஒரு அண்டாவை இறக்கப் போய், தூசி தட்டி, சுண்ணாம்பு உதிர்ந்ததைப் பார்த்து, கடைசியில் சமையலறைக்கே வெள்ளையடித்து முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சரி, 2,800 ரூபாயில் ரேடியேட்டர் சுத்தமாகி வந்தது. புது பம்ப், புது ஹோஸ், புது பெல்ட் எல்லாம் மாட்டி இன்ஜினை ஓட விட்டார்கள். கால் மணியில் இன்ஜினின் விலாவிலிருந்து தண்ணீர் பீச்சியது! அங்கே காசு அளவில் வட்டமான தகட்டு மூடிகள் அடித்திருக்கிறார்கள். அதில் ஒன்று துருவால் காகிதமாகியிருந்தது. இத்தனை நாள் ஏன் ஒழுகவில்லை? பம்ப் சொட்டிக்கொண்டிருந்தவரை உள்ளே அழுத்தமே சேரவில்லை. பம்ப்பைச் சரிசெய்ததும் அழுத்தம் முழுசாக நின்றது. அடுத்து எது பலவீனமோ அதைத் தேடிப் பிடித்தது. பாய் பாஷையில், "மருமக பலமா வந்துட்டா மாமியாருக்கு மூச்சு வாங்குதும்மா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

எல்லாப் பழைய சாமான்களுக்கும் இது பொருந்தும். பாகங்கள் எல்லாம் சேர்ந்தே தேய்ந்து, ஒன்றுக்கொன்று அனுசரித்துக்கொண்டு ஓடுகின்றன. ஒன்றை மட்டும் புதுசாக்கினால் பக்கத்தில் இருப்பதன் குட்டு வெளிப்படும். பழைய இரும்புக் குழாயில் ஒரு புதுக் குழாய்த்திருகு மாட்டிய வீட்டுக்காரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் வண்டி சூடேறுவது நிற்கவில்லை. "ஹெட்டைக் கழட்டிப் பார்த்துடலாம்" என்று ஷெட்டுப் பையன் ஸ்பேனரை எடுத்தான். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். வயிற்று வலி என்றால் டாக்டர் உடனே கத்தியையா எடுக்கிறார்? முதலில் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார். "கழட்டாமலே தெரிஞ்சுக்க வழி இல்லையா பாய்?" என்று கேட்டேன். பாய் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "இருக்கும்மா. யாரும் கேக்கறதில்ல."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு மீட்டரை வைத்து, இன்ஜினைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று அளந்தார். ஒன்றும் நாலும் சுமாராக ஒத்திருந்தன. நடுவில் இருக்கும் இரண்டும் மூன்றும் மட்டும் நன்றாகக் குறைந்திருந்தன. அந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்தச் சந்தை அடைத்து அழுத்தம் ஏறும். ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

இந்த அரை மணி நேரச் சோதனை எங்களுக்கு எவ்வளவு மிச்சம் பிடித்தது தெரியுமா? இன்ஜினை முழுசாக இறக்கி, ரிங், பேரிங் எல்லாம் மாற்றும் பேச்சு அங்கேயே நின்றது. ஹெட்டை மட்டும் எடுத்து, முகத்தை லேத்தில் சமன் செய்து, புது கேஸ்கெட் போட்டு, 9,500 ரூபாயில் முடிந்தது. வால்வுகளையும் புதுசு போல் தீட்டிவிடலாமே என்று என் கணவர் ஆசைப்பட்டார். பாய் ஒப்பவில்லை. "மேல ரொம்ப டைட் பண்ணா, கீழ பழைய ரிங் தாங்காது சார். எண்ணெய் குடிச்சுப் புகை விடும். அப்புறம் இன்ஜினை இறக்கச் சொல்வீங்க." வேலை வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் தீபாவளிக்கு அவர் வீட்டுக்கும் பலகாரம் கொடுத்தனுப்புங்கள். நான் அனுப்புகிறேன்.

இனி துருவின் கதை. முன் இருக்கையின் காலடிக் கம்பளம் எப்போதும் ஈரம். பம்ப் தண்ணீர்தான் என்று இருந்தோம். அது இல்லை, முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடித்து, மழைத்தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் போய் வருஷக்கணக்காகத் தேங்கியிருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் தரையில் பத்து பைசா அளவில் ஓர் ஓட்டை. டிங்கரிங் செய்கிறவர் ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தைத் தட்டினார். பத்து பைசா நாலணாவாகி, நாலணா தோசையாகி, கடைசியில் ஒரு முறம் அளவுக்கு என் வீட்டுப் போர்டிகோ தரை வண்டி வழியே தெரிந்தது! மேலே தெரிகிற துரு கொஞ்சம். கம்பளத்துக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் இருப்பது பல பங்கு. நல்ல இரும்பு வருகிறவரை வெட்டினால்தான் புதுத் தகட்டைப் பற்றவைக்க முடியும். துருவின் மேலேயே பட்டி பூசிப் பெயின்ட் அடித்துத் தருகிறவர்கள் உண்டு. பார்க்க ஜோராக இருக்கும், ஒரு மழைக்காலம் போதும் பல்லிளிக்க.

பற்றவைக்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் பெட்ரோல் டாங்கைக் கழற்றி எடுத்தாக வேண்டும். காலி டாங்க் என்று நினைத்து அலட்சியம் செய்யக் கூடாது. நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க் ஆபத்து, உள்ளே இருக்கும் ஆவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். கழற்றிய டாங்கின் அடிமூட்டில் எப்போதோ யாரோ பார் சோப்பைத் தேய்த்து ஒழுக்கை அடைத்திருந்தார்கள். மெக்கானிக்குகளின் அவசர வைத்தியம் அது. பெட்ரோலில் சோப்பு கரையாது. டாங்குக்குள் துரு மண்டி, அதன் பொடி கார்புரேட்டர் வரை போயிருந்தது. பெட்ரோல் போகும் ரப்பர் குழாயை வளைத்தால் கோடு கோடாகப் பிளவு. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா? 2022-ல் நாடு முழுக்க பத்து சதவீதம் எட்டி, 2025-ல் இருபது சதவீதமாகியிருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊதிப்போய் அல்லது காய்ந்து வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் நெடுநாள் நிற்கும் வண்டியின் டாங்க் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் வேறு எதை மாற்றாவிட்டாலும் இந்தக் குழாயை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிடுவது நல்லது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தரைக்கு 14,000. டாங்க், குழாய், கார்புரேட்டருக்கு 7,250. நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: 38,450 ரூபாய்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பெண் அந்த வருஷம் பிளஸ் டூ. அவள் காலேஜுக்கென்று இரண்டு வருஷமாகக் கட்டிய ஏலச்சீட்டில் எடுத்த ஒரு லட்சம்தான் வீட்டில் இருந்தது. அதிலிருந்துதான் ஒவ்வொரு தடவையும் 'அடுத்த மாசம் போட்டுடறேன்' என்று எடுத்துக்கொண்டிருந்தார் இவர்.

காலையில் காபியோடு போய் மாமனார் எதிரில் உட்கார்ந்தேன். "மாமா, தப்பா நினைக்கக் கூடாது. வண்டியைக் குடுத்துடலாமா? பழைய இரும்புக்காரர் இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் கேட்டிருக்காரு."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "உன்னையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலேருந்து அதுலதான் கூட்டிட்டு வந்தேன். உங்க அத்தையைக் கடைசியா டாக்டர்கிட்ட கொண்டுபோனதும் அதுலதான்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேத்தி படிப்புக் காசுல கை வைக்காதேம்மா. என் பென்ஷன்ல சேர்த்தது இருபத்தஞ்சாயிரம் இருக்கு. அதுக்கு மேல ஆகும்னா குடுத்துடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

எழுபத்தெட்டு வயசுக்காரர் அப்படிச் சொன்ன பிறகு, விற்கவும் மனசில்லை, கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்கவும் மனசில்லை. சீட்டுப் பணத்திலிருந்து நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது, மாமா தருவது இருபத்தைந்து, ஆக அறுபத்தைந்து என்று எல்லை கட்டினேன். நோட்டில் பக்கத்தை மூன்றாக மடித்தேன். முதல் பத்தியில், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து: பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் குழாய், ஒயரிங். இரண்டாவதில், இல்லாவிட்டால் வண்டி ஓடாது. மூன்றாவதில், இருந்தால் அழகு: பெயின்ட், சீட் உறை, குரோமியம் பூச்சு, கடிகாரம். ஷெட்டிலிருந்து எந்தப் பேச்சு வந்தாலும், "எந்தப் பத்தி?" என்று கேட்பேன். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் பாயே, "இது மூணாவது பத்திம்மா, விட்டுடலாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பணம் ஒரு கவலை என்றால் பிரேக் வேறு ரகக் கவலை. வண்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஷெட்டில் நின்றதில் பின்சக்கரம் ஒன்று இறுகிப்போய்த் தள்ளினாலும் நகரவில்லை. நின்ற வண்டி கெடாது என்று நினைப்போம். அதுதான் கிடையாது. நிற்க நிற்கத்தான் பாட்டரி சாகிறது, பெட்ரோல் கெடுகிறது, டயர் ஒரே பக்கம் அழுந்துகிறது, எலி ஒயரைக் கடிக்கிறது. (எங்கள் டாஷ்போர்டுக்குப் பின்னால் எலி கூடு கட்டி, அதில் என் பழைய வாயில் புடவையின் கிழிசல்கூட இருந்தது. துடைக்கக் கொடுத்த துணி!) பிரேக் ஆயிலோ காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கிறது. டிரம்மைக் கழற்றினால் சக்கரத்து சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ முழுக்க ஆயிலில் ஊறியிருந்தது. ஒன்று அப்படியென்றால் மற்ற மூன்றையும் பார்க்காமல் விடலாமா? நாலிலும் அதே நிலை.

சிலிண்டர் வாங்க என் கணவர் சென்னைக்குப் போனார். புதுப்பேட்டையில் சந்து சந்தாகப் பழைய வண்டி உதிரி பாகக் கடைகள். ஒரு கடையில் "கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க சார், கரெக்டா செட் ஆகும்" என்றார்களாம். இவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறார். திருச்சிக்கு வந்து வைத்துப் பார்த்தால் ஓட்டை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம். மறுபடி பஸ். இரண்டாம் தடவை பழைய பாகத்தையே மஞ்சள் பையில் போட்டுக் கையில் கொடுத்தனுப்பினேன். எந்தப் பழைய இயந்திரத்துக்கும் மாதிரி இல்லாமல் கடைக்கு அனுப்பாதீர்கள். பிளவுஸ் துணிக்குப் புடவை முந்தானையோடு போகிறோமே, அதே மாதிரிதான்.

நாலு சிலிண்டரும் புதுசு போட்டதும், நான் எதிர்பார்த்தபடியே, பெடலுக்கு நேரே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் கையை விரித்தது. இரண்டு தரம் மிதித்தால் பெடல் தரையைத் தொட்டது.

அந்தச் சமயம் பார்த்து மே மாதம் நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம், புதுக்கோட்டையில். அப்பாவை அம்பாஸடரில் வைத்துக் கூட்டிப்போய் மண்டப வாசலில் இறக்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. "மெதுவாப் போய்ட்டு வந்துடறேன் பாய். ஐம்பது கிலோமீட்டர்தானே? வந்ததும் மாஸ்டர் சிலிண்டரைப் போட்டுக்கலாம்." பாய் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினார். "சார், இன்ஜின் நின்னா ரோட்டோரம் நிப்பீங்க. இது நிக்கலைன்னா எங்க நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. ஐயா உக்கார்ற வண்டி. நான் தரமாட்டேன்."

இவருக்குக் கோபம். இரண்டு நாள் பாயோடு பேசவில்லை, என்னோடும்தான், ஏனென்றால் நான் பாய் பக்கம். வாடகைக் காரில் போய் வந்தோம். மாமனார் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கீரனூர் தாண்டியதும், "பாய் பண்ணது சரிதான்டா" என்றார் மகனிடம். அதன் பிறகுதான் வீட்டில் காற்று வந்தது. பிரேக் வேலைக்கு மொத்தம் 15,400 ரூபாய். அந்த நோட்டில் நான் மனம் கோணாமல் எழுதிய ஒரே வரி.

ஷெட் வேலை வீட்டு வாசலில் நடக்கும்போது குழந்தைகள் உள்ள வீடுகளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரேடியேட்டருக்கு இப்போது தண்ணீரோடு ஊற்றுகிற கூலன்ட், பச்சையாகவோ சிவப்பாகவோ ரோஸ்மில்க் மாதிரி கண்ணைப் பறிக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்தது தித்திப்பாகவும் இருக்கும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் பாழாகும், உயிருக்கே ஆபத்து. குழந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூடக் கைவைத்தியம் பார்க்காமல், அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதையும் பெட்ரோலையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்க எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடி, விசில் அடங்காத குக்கர் மூடிக்குச் சமானம். திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குழந்தைகள் அருகில் நிற்க வேண்டாம், அந்த வேலை செய்த சட்டையைக் குழந்தைத் துணியோடு ஊறப்போடவும் வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தலைச்சுற்றல் வந்த பிறகு எழுந்து வரக் கால் இருக்காது.

ஜூலையில் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தோம். பதினைந்து வருஷம் தாண்டிய கார்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் இது உண்டு. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆகியிருந்தது. பிப்ரவரியில் சொன்ன இரண்டு நாளில் எல்லாம் முடிந்திருந்தாலும் எங்களுக்கு அது தப்பியிருக்காது, ஜூலையில்தானே முறை! பசுமை வரி தனி. 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள், ஆகவே 2027-க்கு இப்போதே தனி டப்பா போட்டுவிட்டேன். ஐம்பது வருஷமாகி, உருமாற்றாமல் வைத்திருந்தால் 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு தருவதாக 2021-ல் சட்டம் வந்திருக்கிறது. எங்கள் வண்டிக்கு அது 2037-ல். மாமனார் அதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

மூன்றாவது பத்தி அப்படியே இருக்கிறது. பெயின்ட் மங்கல்தான், சீட்டின் ஸ்பிரிங் ஒன்று என் முதுகுக்கென்றே குத்துகிறது. இடது பின்கதவின் கண்ணாடி பாதி வரைதான் இறங்கும். போன மாதம் பாய் அதைப் பார்த்துவிட்டு, "கைப்பிடிதான் தேஞ்சிருக்கு, நூத்தம்பது ரூபாய் சாமான். கதவுப் பலகையை மட்டும் கழட்டணும்" என்றார்.

"இப்ப வேணாம் பாய். டீ சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.